கடற்கரைச் சுற்றுலா: ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்

கடலோரத்துக்கு மூன்று நாள் போகிறோம் என்றால் முதலில் அறை பார்ப்போம். அடுத்து, அங்கே என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் எடுப்போம்: கயாக் (துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகு), ஸ்நார்கெலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நீர்மட்டத்தில் நீந்திப் பார்ப்பது), திமிங்கிலம், அலையாத்திக் காடு. காலை பத்துக்கு இது, மதியம் இரண்டுக்கு அது என்று கட்டம் கட்டி நிரப்பிவிடுவோம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருமுறை பாறைக் குட்டைகளில் நட்சத்திர மீன் பார்க்கலாம் என்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, சாவகாசமாகச் சாப்பிட்டு முடித்து, மூன்று மணிக்குப் போய் நின்றோம். குட்டையும் இல்லை, பாறையும் இல்லை. நுரை மட்டும்தான் இருந்தது. "காலையில ஒன்பது மணிக்கு வந்திருந்தீங்கன்னா அதோ அந்தக் கம்பம் வரைக்கும் நடந்தே போயிருக்கலாம்" என்றார் அங்கே உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்தவர்.

மலைக்குப் போனால் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். கடற்கரையில் அதே இடம் ஆறு மணி நேரத்தில் வேறு இடமாகிவிடும். அதனால் வழக்கமான வரிசையை இங்கே திருப்பிப் போட்டிருக்கிறேன். முதலில் நீர், அடுத்து காற்று, அதன் பிறகுதான் என்ன செய்வது, யாரோடு செய்வது என்பதெல்லாம்.

படி 1: ஏற்றத்தையும் வற்றத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கடல்நீர் உயர்ந்து நிற்பது ஏற்றம், தாழ்ந்து நிற்பது வற்றம். பாடப்புத்தகத்தில் ஓதம் என்று படித்ததுதான். நிலவின் ஈர்ப்பு கடலை ஏற்றி இறக்குகிறது, சூரியன் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது. பூமியின் ஓர் இடம் மறுபடியும் நிலவுக்கு நேரே வந்து நிற்க சுமார் 24 மணி 50 நிமிடம் ஆகிறது. அதனால் உலகின் பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். இன்று காலை 7 மணிக்கு வற்றம் என்றால் நாளை எட்டுக்குக் கொஞ்சம் முன்னால், நாளன்றைக்கு எட்டரைக்கு மேல். மூன்று நாள் பயணத்தில் ஒரே சுற்றுலா ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரத்துக்குக் கிளம்புவதன் காரணம் இதுதான். நேரத்தை மாற்றவே மாற்றாமல் தினமும் காலை பத்துக்கு என்று பாறைக் குட்டைச் சுற்றுலா விற்பவர் இருந்தால், அவரிடம் கொஞ்சம் யோசித்தே பணம் கொடுங்கள்.

எல்லாக் கரையும் ஒன்றுபோல் இல்லை. மெக்சிகோ வளைகுடாவின் சில பகுதிகளில் நாளுக்கு ஒரே ஓர் ஏற்றம்தான். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை மீட்டர்கூட இருக்காது, அங்கே போகிறவர் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். கனடாவின் ஃபண்டி வளைகுடாவிலோ நீர் 16 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது, ஐந்து மாடி உயரம். அங்கே ஹோப்வெல் பாறைகளின் அடியில் கடல் தரைமேல் நடந்துவிட்டு, அதே நாளில் அதே பாறைகளின் தலைப்பகுதியைச் சுற்றிக் கயாக்கில் போக முடியும்.

அட்டவணையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். நேரம், நீரின் உயரம், எந்தத் துறைமுகத்துக்கான கணக்கு என்பது. உங்கள் கரை அந்தத் துறைமுகத்திலிருந்து தள்ளி இருந்தால் நேரம் மாறும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் நாடுகளில், அச்சிட்ட சில அட்டவணைகளில் அந்த ஒரு மணி சேர்ந்திருக்காது. இந்த ஒரு மணி நேரத்தில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓரிரு நாட்களில் ஏற்றம் அதிகம் ஏறும், வற்றம் அதிகம் வற்றும். அரைநிலா நாட்களில், அதாவது காலண்டர் அஷ்டமி காட்டும் நாட்களையொட்டி, இரண்டுமே அடங்கியிருக்கும். பாறைக் குட்டைக்கும் சேற்றுவெளி நடைக்கும் அமாவாசை, பௌர்ணமி வாரம் நல்லது. நீரோட்டத்துக்குப் பயப்படும் புதிய கயாக்காரருக்கு அரைநிலா வாரம் நல்லது.

இன்னொரு கணக்கும் கைவசம் இருக்கட்டும். வற்றத்திலிருந்து ஏற்றம் வரையான ஆறு மணி நேரத்தில் நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால், முதல் மணியில் 1 பங்கு, பிறகு 2, 3, 3, 2, கடைசி மணியில் 1 என்று ஏறும். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி உயரம் ஏறிவிடுகிறது. "இப்பத்தானே கொஞ்சம் கொஞ்சமா வருது" என்று மணல்திட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பவரைச் சூழ்ந்துகொள்வது அந்த இரண்டு மணி நேரம்தான். தோராயமான கணக்கு இது, எல்லாக் கரைக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் எப்போது திரும்ப வேண்டும் என்று முடிவு செய்ய இது போதும். அட்டவணையில் வற்றம் என்று போட்டிருக்கும் நேரம் திரும்பி நடக்கத் தொடங்க வேண்டிய நேரம். போய்ச் சேர வேண்டிய நேரமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அட்டவணை சொல்லாத ஒன்றும் உண்டு. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (வானிலை அறிக்கையில் வரும் அழுத்த அலகு) குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கிக் காற்று பலமாக வீசினால் இன்னும் உயரும். தாழ்வழுத்தம் வந்திருக்கும் நாளில் அட்டவணையின் எண்களை அப்படியே நம்பாதீர்கள்.

படி 2: காற்றையும் அலையையும் பாருங்கள்

மழை வருமா என்று மட்டும் பார்ப்பது ஊர்ப் பழக்கம். கடலில் மழையைவிடக் காற்றுதான் நாளைக் கெடுக்கும்.

தரை சீக்கிரம் சூடாகும், கடல் நிதானமாகச் சூடாகும். வெயில் ஏற ஏறத் தரைமேல் இருக்கும் காற்று மேலே கிளம்ப, கடலிலிருந்து காற்று உள்ளே வரும். காலையில் கண்ணாடிபோலக் கிடந்த நீர் மதியத்துக்குப் பிறகு கலைந்து கிடப்பது இதனால்தான். துடுப்புப் போடுவது, நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகை, ஸ்நார்கெலிங் மூன்றையும் காலையில் முடித்துவிடுங்கள். பாய்மரம் பழகப் போகிறவர் மதியத்துக்கு மேல் போகட்டும், அவருக்குக் காற்று வேண்டும்.

எண் தெரியாமல் காற்றைப் பேச முடியாது. முன்னறிவிப்பில் நாட் என்று வருவது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 10 நாட் வேகத்துக்கு மேல் போனால் புதியவர்கள் திறந்த கடலில் கயாக் எடுக்காமல் இருப்பது நல்லது. கருவி இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். அலைமுகடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் 7 முதல் 10 நாட், பரவலாகத் தெரிந்தால் 11க்கு மேல்.

திசை இன்னும் முக்கியம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுதான் ஆளை ஏமாற்றும். பின்னால் இருக்கும் மேடும் மரமும் கட்டடமும் காற்றைத் தடுப்பதால் கரையோர நீர் குளம்போலத் தெரியும். நூறு மீட்டர் உள்ளே போனதும் காற்றின் முழு வேகமும் முதுகில் விழும். காற்றடைத்த மிதவைகளில் குழந்தைகள் அடித்துச் செல்லப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட "அமைதியான" நாட்களில்தான். கடற்கரையில் காற்றின் திசை காட்டும் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை கடல் பக்கம் பறந்துகொண்டிருந்தால் மிதவையைத் திறக்கவே வேண்டாம்.

கயாக்கில் சொந்தமாகப் போகிறீர்களா? போகும்போது எதிர்க்காற்றில் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிவரட்டும். இதைத் தலைகீழாகச் செய்தவர் யாரும் இரண்டாவது முறை செய்வதில்லை.

அலைக்கு உயரம் மட்டும் போதாது, இடைவெளியும் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் அலை ஆறு வினாடிக்கு ஒருமுறை வருவது வேறு, பதினான்கு வினாடிக்கு ஒருமுறை வருவது வேறு. இடைவெளி நீண்ட அலை எங்கோ தொலைவில் அடித்த புயலில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்தது. அதனுள் இருக்கும் சக்தி அதிகம். இங்கே வானம் நீலமாக இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு கயாக் வழிகாட்டி. துளி மேகம் இல்லாத காலையில் பயணத்தை ரத்து செய்தார். எனக்குக் கோபம். அவர் பேசாமல் அடிவானத்தைக் காட்டினார். நேர்கோடாக இருக்க வேண்டியது ரம்பத்தின் பற்கள்போல மேடும் பள்ளமுமாக இருந்தது. கோடு அப்படித் தெரிந்தால் வெளியே பெரிய அலை இருக்கிறது என்று அர்த்தமாம். அன்று முதல் எந்தக் கரைக்குப் போனாலும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறேன்.

படி 3: நேரத்துக்கு ஏற்றபடி நாளை நிரப்புங்கள்

இப்போது பட்டியலை எடுக்கலாம்.

பாறைக் குட்டைகள்: வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், இறங்கும் நீரின் பின்னாலேயே நடங்கள். கரைப் பக்கத்துக் குட்டைகளைவிடக் கடல் பக்கத்துக் குட்டைகளில் உயிர்கள் அதிகம், ஏனென்றால் அவை வெயிலில் காயும் நேரம் குறைவு. கல்லைப் புரட்டினால் மெதுவாகப் புரட்டி, பார்த்துவிட்டு, இருந்தபடியே திருப்பி வையுங்கள். கல்லின் அடியில் ஒட்டி வாழ்பவை மேல்பக்கம் வந்தால் காய்ந்து செத்துவிடும். பச்சைப் பாசியும் ஈரமான கருப்புப் பாறையும் வழுக்கும், கொட்டலசு என்ற சொரசொரப்பான சிறு ஓடுயிர் ஒட்டிய பாறையில் கால் நிற்கும். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். நமக்குப் பணமே செலவில்லாமல் கிடைக்கும் மிகச் சிறந்த கடலோர அனுபவம் இதுதான் என்பது என் கட்சி.

அலையாத்திக் காடு: படகிலோ கயாக்கிலோ உள்ளே நுழைய ஏற்றம் வேண்டும். வற்றத்தில் போனால் துடுப்பு சேற்றில் குத்தும். ஆனால் மூச்சுவேர்களையும், ஒற்றைக் கையைப் பெரிதாக ஆட்டும் நண்டுகளையும், சேற்றில் துள்ளும் மீன்களையும் பார்க்க வற்றம்தான் வேண்டும். நல்ல வழிகாட்டி ஏற்றத்தின் கடைசியில் உள்ளே கூட்டிப்போய், நீர் இறங்கத் தொடங்கியதும் அந்த ஓட்டத்திலேயே வெளியே கொண்டுவருவார். இரண்டையும் பார்த்துவிடலாம், துடுப்பு வேலையும் குறைவு.

கரைப்பறவைகள்: இதில் எல்லோரும் தவறாக நினைப்பது, வற்றத்தில் பறவை அதிகம் என்று. வற்றத்தில் அவை கிலோமீட்டர் கணக்கில் பரவிக்கிடக்கும், புள்ளிபுள்ளியாகத்தான் தெரியும். ஏற்றம் அவற்றைத் தள்ளித் தள்ளிக் கரைக்குப் பக்கத்தில் கூட்டமாக நிறுத்தும். ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு போய் உட்கார்ந்துவிடுங்கள். அருகில் போய்க் கிளப்பிவிடாதீர்கள். 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் குஞ்சு ஒன்று, பிறந்து ஐந்து மாதம் ஆனது, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது செயற்கைக்கோள் கருவியில் பதிவானது. அப்படி வந்து கரையில் நிற்கிற பறவையைப் படத்துக்காக மறுபடி பறக்கவைப்பது நியாயமா?

ஸ்நார்கெலிங்: காலை, காற்றில்லாத நேரம், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வேண்டாம், ஆற்று நீர் கலந்து கலங்கியிருக்கும். முகமூடியை வாடகைக்கு எடுக்கும்போது, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. பவளத்தின்மேல் நிற்க வேண்டாம், அது கல் இல்லை. ஹவாய் 2021 ஜனவரி 1 முதல் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடுத்தது, பசிபிக் தீவு நாடான பலாவ் ஒரு வருடம் முன்பே தடை கொண்டுவந்தது. முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொண்டால் பூச வேண்டிய இடமே பாதியாகக் குறையும்.

ஸ்கூபா: முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு மூழ்குவது. பழக்கமில்லாதவர் பயிற்சியாளரோடு ஆழமில்லாத இடத்தில் முயன்று பார்க்கலாம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. காதுக்குள் இருக்கும் அழுத்தத்தை அடிக்கடி சமன் செய்ய வேண்டும், சளி பிடித்திருந்தால் அன்று இறங்கக் கூடாது. மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. விமானத்தை மறக்காதீர்கள்: ஒருமுறை மூழ்கியிருந்தால் 12 மணி நேரம், பலமுறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமாவது கழித்துத்தான் பறக்க வேண்டும். ஆகவே ஸ்கூபாவை முதல் நாளில் வையுங்கள், கடைசி நாளில் வேண்டாம்.

திமிங்கிலம்: இதற்கு நாள் கணக்கு போதாது, மாதக் கணக்கு வேண்டும். கூன்முதுகுத் திமிங்கிலங்களும் சாம்பல் திமிங்கிலங்களும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுபவை. சாம்பல் திமிங்கிலம் மெக்சிகோவின் பாஹா கடற்காயல்களுக்கும் ஆர்க்டிக் கடலுக்கும் இடையே ஆண்டுதோறும் போய்வருகிறது. நியூசிலாந்தின் கைகூராவில் ஆழமான கடற்பள்ளம் கரைக்கு வெகு அருகில் வருவதால் எண்ணெய்த் திமிங்கிலங்களை ஆண்டு முழுவதும் பார்க்க முடிகிறது. எண்ணெய்த் திமிங்கிலம் மூழ்கினால் முக்கால் மணி நேரம் ஆகலாம், பொறுமை வேண்டும். பைனாகுலர் பெரிதாக இருந்தால் நல்லது என்று பன்னிரண்டு மடங்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஆடும் படகில் ஏழு எட்டு மடங்குதான் கண்ணில் நிற்கும். குமட்டல் வரும் ஆள் என்றால் மாத்திரையைப் படகேறிய பிறகு போட்டுப் பயனில்லை, மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே போடுங்கள். படகின் நடுப்பகுதியில் நின்று அடிவானத்தைப் பாருங்கள். போனைப் பார்த்தால் போச்சு.

ஒளிரும் கடல்: நுண்ணுயிர்கள் அசைவுக்கு நீலமாக மினுங்கும் நீரில் இரவுக் கயாக். அமாவாசை இருட்டில் போனால்தான் தெரியும். பௌர்ணமிக்கு அறை பதிவு செய்துவிட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். புவேர்ட்டோ ரிக்கோவின் வியேகெஸ் தீவில் உள்ள மொஸ்கீட்டோ வளைகுடா இதற்குப் பேர்பெற்றது. அங்கே நீரில் இறங்கி நீந்தத் தடை உண்டு.

கரையோர நடை: தளர்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். எனவே வரைபடத்தில் பத்து கிலோமீட்டர் என்றால், வற்றத்தில் ஈரமான கெட்டி மணலில் நடக்கும்படி நேரம் பாருங்கள். குன்றின் விளிம்பிலும் அடியிலும் நிற்க வேண்டாம், மழைக்குப் பிறகு இரண்டுமே சரியும். இங்கிலாந்தின் ஜுராசிக் கரைபோலத் தொல்லுயிர் எச்சங்கள் கிடைக்கும் இடத்தில், குன்றைக் கொத்தாமல் கடல் உதிர்த்துப்போட்ட கூழாங்கற்களுக்குள் தேடுங்கள். கண்டுபிடிப்பதும் அங்கேதான் எளிது.

படி 4: வழிகாட்டி எப்போது வேண்டும், எப்படிப் பார்த்து எடுப்பது

எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டியதில்லை. பாறைக் குட்டை, பறவை, குறியிட்ட நடைபாதை ஆகியவற்றை அட்டவணை வைத்துக்கொண்டு நாமே பார்க்கலாம், அங்கே வழிகாட்டி இருந்தால் கண்ணுக்குத் தெரிவது இரட்டிப்பாகும், அவ்வளவுதான். கடற்குகை, இரவுப் பயணம், திறந்த கடல், ஸ்கூபா, பாறையோரம் ஏறிக் குதித்து நீந்திப் போகும் கோஸ்டீரிங் ஆகியவற்றுக்கு ஆள் இல்லாமல் போகவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே சேற்றுவெளி. வற்றத்தில் கிலோமீட்டர் கணக்கில் விரியும் தட்டையான மணலும் சேறும் பார்ப்பதற்கு மைதானம்போல இருக்கும். பிரான்சின் மோன் சான் மிஷெல் வளைகுடா, நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் கரைகளை ஒட்டிய வாடன் கடல், இங்கிலாந்தின் மோர்கேம் வளைகுடா எல்லாம் இந்த வகை. நீர் முன்னாலிருந்து வருவதில்லை. பள்ளமான ஓடைகள் வழியாகப் பின்னால் சுற்றிவந்து திரும்பும் பாதையை முதலில் மூடும். 2004 பிப்ரவரி 5 இரவு மோர்கேம் வளைகுடாவில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் இப்படித்தான் மூழ்கினார்கள். அதே வளைகுடாவில் மக்களைப் பத்திரமாகக் குறுக்கே அழைத்துப்போக, அரச நியமனம் பெற்ற மணல் வழிகாட்டி என்ற பதவி 16ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. ஓடைகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் சென்ற மாதப் பாதை இந்த மாதம் புதைகுழியாக இருக்கலாம். செயலியில் இருக்கும் பாதைக்கோடு இங்கே எதற்கும் உதவாது.

பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்: "எந்த நிலைமையில் நீங்கள் ரத்து செய்வீர்கள்?" காற்று இத்தனை நாட் வேகத்துக்கு மேல், அலை இத்தனை மீட்டருக்கு மேல், இன்ன திசைக் காற்று என்று எண்ணோடு பதில் வந்தால் அவர் யோசித்து வைத்திருக்கிறார். "கவலைப்படாதீங்க, நாங்க எப்பவும் போவோம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாளா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பணம் திரும்பாது என்றால் நாமே "பரவாயில்லை போகலாம்" என்று அவரை நச்சரிக்கத் தொடங்குவோம். அது இருவருக்கும் ஆபத்து.

மற்றவை: இதே நீரில் அவர் எத்தனை பருவம் வேலை பார்த்திருக்கிறார்? வேறு கடலில் பத்து வருடம் இருந்தது இங்கே பாதிதான் செல்லும். ஒருவருக்கு எத்தனை பேர்? கயாக்கில் ஆறு பேருக்கு ஒருவர் என்றால் எனக்குத் திருப்தி, பன்னிரண்டு என்றால் போக மாட்டேன். முதலுதவிப் பயிற்சி, உரிமம், காப்பீடு உண்டா? போன் சிக்னல் இல்லாத இடத்தில் கரையோடு எப்படிப் பேசுவார்? கடல் வானொலியில் 16ஆம் சேனல் அவசரத்துக்கானது, கையில் அந்தக் கருவி இருக்க வேண்டும். குழந்தை வந்தால், குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது, காட்டச் சொல்லுங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் அது காதுவரை ஏறக் கூடாது.

லைஃப் ஜாக்கெட்டில் இரண்டு வகை உண்டு. 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) என்று எழுதியிருப்பது நீந்தத் தெரிந்தவருக்குத் துணை மட்டும். மயங்கியவரை மல்லாக்கத் திருப்ப 100 அல்லது 150 நியூட்டன் வகை வேண்டும். நீச்சல் தெரியாதவர் எதை மாட்டியிருக்கிறார் என்று லேபிளைப் படியுங்கள்.

"நிச்சயம் காட்டுவோம்" என்று விலங்குகளுக்கு உத்தரவாதம் தருபவரிடம் இன்னும் ஒரு கேள்வி: எவ்வளவு கிட்டே போவீர்கள்? பல நாடுகளில் திமிங்கிலத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி, தாயும் கன்றும் இருந்தால் இன்னும் தள்ளி. முன்னால் போய் வழிமறிக்காமல், பக்கவாட்டில் அதே திசையில் மெதுவாகப் போவதுதான் முறை. இரை போட்டு வரவழைப்பது, துரத்துவது, நடுவில் ஆட்களை இறக்கிவிடுவது எல்லாம் விலங்குக்கும் கெடுதல், உங்களுக்கும் கெடுதல். ஆமை முட்டையிடும் இரவுச் சுற்றுலாவில் வெள்ளை விளக்கோடு கிளம்பும் குழுவோடு போகாதீர்கள். குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்துத்தான் கடலைக் கண்டுபிடிக்கின்றன. உங்கள் போன் வெளிச்சம் அவற்றைத் திசைதிருப்பிவிடும்.

கிளம்பும் முன் பத்து நிமிடமாவது நின்று விளக்கம் சொல்லாத வழிகாட்டியோடு நான் படகில் ஏறுவதில்லை. கவிழ்ந்தால் என்ன செய்வது, கையைத் தூக்கினால் என்ன அர்த்தம், யார் கடைசியில் வருவார் என்பதெல்லாம் கரையிலேயே பேசி முடிய வேண்டும்.

படி 5: பையில் போட வேண்டியவை

இதை இழுக்கத் தேவையில்லை. குடிநீர், தொப்பி, தண்ணீர் புகாத பை, விசில், மூடிய செருப்பு, காற்றுத் தடுக்கும் மெல்லிய சட்டை. மணலும் நுரையும் வெயிலைத் திருப்பியடிக்கும், குடைக்கு அடியிலும் தோல் கருகும். சன்ஸ்கிரீன் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

உடை மட்டும் ஒரு வார்த்தை. காற்றின் வெப்பத்துக்கு உடுத்தாமல் நீரின் வெப்பத்துக்கு உடுத்துங்கள். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுந்தால் உடம்பு தானாக மூச்சை இழுக்கும், அந்த மூச்சில் நீர் போனால் அவ்வளவுதான். முதல் நிமிடம் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்ள வேண்டும். பிறகு பத்து நிமிடம்போலக் கைகால் சொன்னபடி கேட்கும். அதற்குள் ஏறிவிட வேண்டும். வெயில் சுள்ளென்று அடிக்கும் வசந்த காலத்தில்தான் நீர் இன்னும் குளிர்ந்து கிடக்கும்.

எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 6: கரையில் போய் நின்றதும்

உடனே இறங்க வேண்டாம், பதினைந்து நிமிடம் பாருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். சின்னச் சின்னதாகப் பத்து நிமிடம், பிறகு பெரிதாக நாலைந்து. சின்னதை மட்டும் பார்த்துவிட்டுப் பாறையில் இறங்கியவரைத்தான் பெரியது அடித்துப்போகிறது.

கொடிகளைக் கவனியுங்கள். பல நாடுகளில் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே உயிர்காப்பாளர் பார்வையில் நீந்தலாம். சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. நாட்டுக்கு நாடு சில நிறங்கள் மாறும், அங்கே இருக்கும் பலகையைப் படித்துவிடுங்கள்.

கரையில் உடைந்த அலைநீர் திரும்பிப்போக ஒரு வழி தேடும். அது ஒரே இடத்தில் ஒடுங்கிக் கடலை நோக்கி ஆறுபோல ஓடுவதை ரிப் கரண்ட் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பார்வைக்கு மிகவும் பத்திரமாகத் தெரிவது அந்த இடம்தான். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் மட்டும் கருத்து, அலையில்லாமல் இருக்கும். குழந்தைகளோடு வந்தவர்கள் தேடிப்போய் இறங்குவதும் அங்கேதான். வேகம் வினாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டக்கூடும், நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து வர முடியாது. ஆனால் அது கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகும். மாட்டினால் எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்து, கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு கரைக்கு வாருங்கள். இன்னொருவர் மாட்டினால் பின்னாலேயே பாயாதீர்கள். மிதக்கும் எதையாவது எறிந்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

தரை பலமாக நீண்ட நேரம் ஆடினாலோ, அட்டவணையில் இல்லாத நேரத்தில் கடல் சட்டென்று உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

படி 7: கடிப்பதும் கொட்டுவதும்

வழிகாட்டியிடம் காலையிலேயே கேளுங்கள்: இந்த நீரில் கொட்டுவது எது, கொட்டினால் என்ன செய்வது? பதில் இடத்துக்கு இடம் மாறும் என்பதால்தான் கேட்கச் சொல்கிறேன். வெப்பமண்டலப் பெட்டி ஜெல்லிமீன் கொட்டினால் குறைந்தது 30 வினாடி வினிகர் ஊற்றுவார்கள். நீல நிறப் பைபோல மிதக்கும் ஜெல்லி வகை கொட்டினால் ஆஸ்திரேலியாவில் வினிகர் கூடாது என்று சொல்லி, கடல்நீரால் கழுவி, தாங்கக்கூடிய வெந்நீரில் வைப்பார்கள். சிறுநீர் எதற்கும் மருந்தில்லை. திருக்கை, கல்மீன் முள் குத்தினாலும் 45 டிகிரி அளவுள்ள வெந்நீரில் முக்குவதும், உடனே மருத்துவரிடம் போவதும்தான் வழி. திருக்கை இருக்கும் மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால் அது அதிர்வு தெரிந்து நகர்ந்துவிடும்.

அழகான கூம்புச் சங்கு உயிரோடு இருந்தால் கையில் எடுக்காதீர்கள், சட்டைப்பையில் போடவே போடாதீர்கள். அதன் ஊசி துணியைத் துளைக்கும், சில வகைகளின் நஞ்சு ஆளைக் கொன்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஜப்பான் வரையுள்ள பாறைக் குட்டைகளில் நீல வளைய ஆக்டோபஸ் உண்டு, உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். வளையங்கள் பளிச்சென்று நீலமாக மின்னினால் அது கோபமாக இருக்கிறது. அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. குழந்தைகளுக்கு ஒரே விதி போதும்: கண்ணால் பார், கையால் எடுக்காதே.

கடைசியாக, திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். மூன்று நாளில் ஒரு நாள் காற்றுக்குப் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காற்று அடிக்கும் நாளில் படகுத்துறையில் போய் வழிகாட்டிகளோடு உட்கார்ந்து பேசிப்பாருங்கள். அவர்களுக்கும் அன்று வேலை இருக்காது. நாளைக்குப் பாறைக் குட்டையில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காசு வாங்காமல் சொல்லிவிடுவார்கள். எத்தனை மணிக்கு என்பதை மட்டும் அட்டவணையில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.